கலெக்டர் வந்தான்

அன்புள்ள ஐயா,

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். தனியார் பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். என் அண்ணன் லாஞ்சில் டிரைவர். இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. கடலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்ததால் பெயர் யோசிக்க அண்ணனுக்கு நிறைய நேரம் கிடைத்துவிட்டது. 'கலெக்டர்' என்று வைக்கப்போகிறாராம். செல்லப்பெயராக இல்லை, சர்ட்டிபிகேட்டிலேயே. போன வருடம் ஒரு கையெழுத்துக்காக ஓர் அலுவலகத்தில் பகல் முழுக்க நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அந்தக் கோபம். "நாளைக்கு எந்த ஆபீசரா இருந்தாலும் எம் புள்ளைய கலெக்டர்னு கூப்ட்டுத்தானே ஆவணும்?" என்கிறார். அம்மா முருகன் பெயர் வைக்கச் சொல்லி அழுகிறார். தினமும் அட்டெண்டன்ஸ் எடுக்கும் எனக்கு, பிள்ளைகள் இந்தப் பெயரை என்ன பாடு படுத்தும் என்று தெரியும். உத்தியோகத்தின் பெயரை ஆளுக்கு வைக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள டீச்சர்,

சட்டப்படி வைக்கலாம். நியூசிலாந்தில் பதவிப் பெயர்களைத் தகுந்த காரணமில்லாமல் பதிவு செய்ய மாட்டார்கள். 'ஜஸ்டிஸ்' என்று வைக்கப் போய்த் திரும்பி வந்த பெற்றோர் அங்கே ஏராளம். நம்முடைய 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் அப்படி ஒரு தடைப் பட்டியல் கிடையாது. அதைவிட உங்களுக்கு உபயோகமான விஷயம், பிறப்பைப் பெயரில்லாமலே பதிவு செய்துகொள்ளலாம். ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணமில்லை. அதனால் அவசரப்பட்டு அண்ணனோடு சண்டை போடாதீர்கள். தடைக்காலம் முடிந்து நாலு தடவை கடலுக்குப் போய் வரட்டும்.

வேலைப் பெயர் ஆள் பெயராவது புதிதும் அல்ல, கேவலமும் அல்ல. அமெரிக்காவில் பையன்களுக்கு ஆசை ஆசையாக வைக்கும் 'மேசன்' வேறென்ன, கொத்தனார்தான். கூப்பர் என்றால் பீப்பாய் செய்கிறவர். நாம் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பெருமைப்பட்ட பார்க்கர் பேனாவின் பார்க்கர், மூலத்தில் தோட்டக் காவல்காரர். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உங்களுக்குப் பக்கத்தில், ராயபுரம் மேற்கு மாதா கோயில் தெருவில் 1910இல் கட்டிய பார்சி அக்னி கோயில் இருக்கிறது. அந்தச் சமூகத்தில் இன்ஜினியர், கான்ட்ராக்டர் எல்லாம் குடும்பப் பெயர்கள். கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு ஃபரூக் இன்ஜினியரையும் நரி கான்ட்ராக்டரையும் தெரிந்திருக்கும். 1918இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிற்சங்கம் உருவானபோது அதன் தலைவரான பி.பி. வாடியாவும் பார்சிதான். வாடியா என்றால் கப்பல் கட்டுகிறவர்.

இந்தப் பெயர்களுக்கும் உங்கள் அண்ணன் வைக்க நினைப்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இவையெல்லாம் பாட்டனோ முப்பாட்டனோ செய்த வேலை, அவர்கள் கையில் காய்ப்புக் காய்த்த வேலை. கலெக்டர் என்பது உங்கள் அண்ணன் கைகட்டி நின்ற மேஜைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்த பெயர். 'லாஞ்ச் டிரைவர்' என்று அவர் தன் பிள்ளைக்குப் பெயர் வைக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. வண்ணாரப்பேட்டை என்று ஊருக்கே தொழிலைப் பெயராக ஒட்டிவைத்திருக்கும் பக்கம் நம்முடையது. இங்கே தொழிலைச் சொன்னால் அடுத்த நொடி சாதியைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அப்பன் வேலை பிள்ளையின் நெற்றியில் ஒட்டக் கூடாது என்று இங்கே ஒருவர் நினைத்தால் அது நியாயம்தான்.

ஆனால் அவர் போட்ட கணக்கு தமிழில் செல்லாது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வகுப்பில் மேஜர் என்று ஒருவன் இருந்தான். பட்டம் இல்லை, பதிவேட்டிலேயே அதுதான் பெயர். அவன் தாத்தா பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். எந்த மேஜருக்குச் சோறு வடித்தாரோ, பேரனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் அவன் பட்டதை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். பிறகு அவன் டிரெய்லர் ஓட்டினான். ஒருநாள் ராத்திரி திருவொற்றியூரில் அவன் வண்டியில் ஏறிக்கொண்டேன். ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் நிறுத்தினார்கள். செக்யூரிட்டி டார்ச்சை மேலே அடித்து, "பேரு?" என்றார்.

"மேஜர்."

அந்த மனிதர் சட்டென்று விறைத்துவிட்டார். பழைய பட்டாளத்துக்காரர் போலிருக்கிறது. "சார், நீங்க..." என்று ஆரம்பித்து, லைசென்ஸை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அவனுடைய பனியனைப் பார்த்தார். "ஓ, பேரே அதானா? எறங்குடா மேஜர், வந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடு."

'சார்' எனத் தொடங்கி 'டா' என்று முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேஜர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தமிழில் மரியாதை பெயரில் உட்காருவதில்லை, டீச்சர். வினைச்சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. வா, வாங்க, வாடா; வந்தார், வந்தான். முன்னால் என்ன பட்டம் போட்டாலும் அந்தக் கடைசி எழுத்தில் ஆளை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திவிடுவார்கள். உங்கள் அண்ணனை நிற்க வைத்த அந்த ஆள், பிள்ளையைக் கலெக்டர் என்றுதான் கூப்பிடுவார், மறுக்கவில்லை. "கலெக்டர், அப்படி ஓரமா நில்லுடா" என்றும் சொல்வார். அவ்வளவு ஏன், முதலில் அந்த இலக்கணத்தை உடைக்கப் போவது உங்கள் அம்மா. "கலெக்டர் தொட்டிலை நனைச்சிட்டான்" என்று வாசலில் நின்று கத்துவார். பாட்டி பேரனிடம் 'நனைச்சிட்டார்' என்றா சொல்வார்?

இதற்கு நம் கண்முன்னாலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. துரை. வெள்ளைக்கார அதிகாரியைத் துரை என்று கூப்பிட்ட ஊரில், தெருவுக்கு நாலு பேருக்குத் துரை என்று பெயர் வைத்தார்கள். என்ன ஆயிற்று? "டேய் தொரை, டீ வாங்கியா" என்று ஆயிற்று. துரை இறங்கி வந்தாரே தவிர, நம் பையன் மேலே ஏறவில்லை. "பெரிய தொரை இவரு" என்பது வசவாகவே நிலைத்துவிட்டது. "நீ என்ன பெரிய கலெக்டரா?" என்பதும் ஏற்கெனவே வசவுதானே. கேலி செய்ய உங்கள் வகுப்புப் பிள்ளைகள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. போனில் 'கலெக்டர்' என்று பெயர் வந்தால் இந்தக் காலத்தில் மோசடிக்காரன் என்று யாரும் எடுக்க மாட்டார்கள், அது தனி.

அதற்காக அந்தப் பெயரையே ஒழித்துக்கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் கூப்பிடட்டும். வடசென்னையில் வீட்டுப் பெயர் ஒன்று, ரேஷன் கார்டுப் பெயர் ஒன்று என்று இல்லாத ஆள் யார்? அண்ணன் லாஞ்சிலிருந்து இறங்கி வரும்போது "கலெக்டர் தூங்கிட்டாரா?" என்று கேட்டால், அந்த 'ரா' அவர் மனதாரக் கொடுத்த மரியாதை.

சர்ட்டிபிகேட்டுக்கு வேறு பெயர் தேடுகிறீர்கள் என்றால், அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். ராஜாஜி சாலையில் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கட்டடத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். மீனவக் குடும்பத்தில் பிறந்து வக்கீலாகி, 1923இல் இந்தியாவிலேயே முதல் மே தினத்தை இந்தச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினாரே, அவர்தான். கலெக்டர் தினமும் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். சிங்காரவேலன் முருகன் பெயர் என்பதால் உங்கள் அம்மாவும் அழுகையை நிறுத்துவார்.

அப்புறம் ஒன்று. கடிதத்தில் அண்ணன் பேசுகிறார், அம்மா அழுகிறார், நீங்கள் கவலைப்படுகிறீர்கள். பெற்றவளுக்கு என்ன பெயர் பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லையே. அண்ணியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.