படைபலம் இருந்தும் வியட்நாமில் அமெரிக்கா ஏன் தோற்றது?

போரின் போக்கைப் படை மட்டும் தீர்மானிப்பதில்லை. எதற்காகப் போர் என்று சொல்வது அரசு; களத்தில் நிற்பது படை; பிள்ளைகளையும் வரிப்பணத்தையும் கொடுப்பது மக்கள். ஊர்த் தேர் மாதிரிதான்: முட்டுக்கட்டை போடுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வடம் பிடிக்க ஆளில்லையென்றால் தேர் நகராது.

1968 ஜனவரி இறுதியில், வியட்நாமியப் புத்தாண்டான டெட் சமயத்தில், அமெரிக்கா எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்ட் படைகள், அதன் ஆதரவில் இருந்த தென் வியட்நாமின் நகரங்களை ஒரே வீச்சில் தாக்கின. தென் வியட்நாம் தலைநகர் சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். பெருஞ்சேதம் என்னவோ தாக்கியவர்களுக்குத்தான். ஆனால், வெற்றி நெருங்குகிறது என்று வாஷிங்டன் சொல்லிவந்ததை அமெரிக்கர்கள் பலர் அதன்பின் நம்பவில்லை. மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று மார்ச் 31 அன்று அதிபர் ஜான்சன் அறிவித்தார்.

போர்க் காட்சிகளைக் காட்டி மக்கள் மனத்தை மாற்றிய தொலைக்காட்சிதான் அமெரிக்காவைத் தோற்கடித்தது என்பார்கள். மக்கள் ஆதரவோ டெட் தாக்குதலுக்கு முன்பே, 1967இலேயே சரிந்துகொண்டிருந்தது.