தாவிக் குதிக்கும் லேப்ரடார் தெரபி நாய் ஆக முடியுமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியை. வீட்டில் 14 மாத ஆண் லேப்ரடார், பெயர் மணி. "யார் வந்தாலும் மேலே தாவுகிறான். வாக்கிங் போனால் என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். தெருநாயைக் கண்டால் ஓயாமல் குரைக்கிறான். ஆனால் மனசு தங்கம். பக்கத்து வீட்டுக் குழந்தை காதைப் பிடித்து இழுத்தால்கூட ஒன்றும் செய்யமாட்டான். இவனைப் பழக்கி, தெரபி நாயாக எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் அழைத்துப்போக முடியுமா? எவ்வளவு காலம் ஆகும்?"

தெரபி நாய் என்றால் பிள்ளைகளின் சிகிச்சைக்குத் துணையாக அழைத்துப்போகும் நாய். தாவுவதையும் இழுப்பதையும் வீட்டில் எல்லோரும் ஒத்துழைத்தால் இரண்டு மூன்று மாதங்களில் நன்றாகவே குறைத்துவிடலாம். பள்ளிக்கு மட்டும் இப்போது வேண்டாம். லேப்ரடாருக்கு இரண்டு வயது வரை விடலைப் பருவம்தான். உடம்பு வளர்ந்துவிடும், நிதானம் வளர்ந்திருக்காது. 30 கிலோ நாய் ஆசையாக ஒரு தாவு தாவினால் போதும், காலில் காலிப்பர் என்ற தாங்குபட்டை போட்ட குழந்தை கீழே விழுந்துவிடும். மணிக்கு இரண்டு வயது நிறையட்டும், அப்போது தகுதி பார்ப்போம்.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது குரைப்பும் இல்லை, தாவலும் இல்லை. "காதை இழுத்தால்கூட ஒன்றும் செய்யமாட்டான்" என்ற வரிதான். ஒரு நாய் பொறுத்துக்கொள்வது வேறு, விரும்புவது வேறு. தெரபி வேலைக்கு வேண்டியது இரண்டாவது. உட்கார், படு, நில் எல்லாவற்றையும் எந்த நாய்க்கும் கற்றுத்தரலாம். முன்பின் தெரியாத கைகள் தன்னைத் தொடுவதை மனதார ரசிக்கும் சுபாவத்தைக் கற்றுத்தர முடியாது. அது பிறவியிலும், பிறந்து மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை நாய் பார்த்த மனிதர்களிலும் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. நம் ராஜபாளையம் நாயை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்நியரிடம் ஒதுங்கி நிற்பது அதன் இயல்பு. அதை இந்த வேலைக்கு இழுப்பது நாய்க்குச் செய்யும் அநியாயம். லேப்ரடார் என்பதால் மணிக்கு வாய்ப்பு அதிகம். உறுதி என்று சொல்லமாட்டேன்.

எனவே பழக்கத் தொடங்கும் முன் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தக் குழந்தை மணியிடம் வரும்போது அவன் முகத்தை மட்டும் கவனியுங்கள். பசி இல்லாதபோது நாக்கால் மூக்கை நக்குகிறானா? தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறானா? முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கிறானா, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிகிறதா? காது பின்னால் ஒட்டி, வாய் இறுக மூடிக்கொள்கிறதா? குழந்தை போனதும் நனைந்ததுபோல உடம்பை ஒரு உதறு உதறுகிறானா? இவையெல்லாம் "எனக்குச் சங்கடமாக இருக்கிறது" என்று நாய் சொல்லும் விதங்கள். நாம் கவனிக்காமல் விட்டால் அடுத்தது உறுமல், அதற்கும் அடுத்தது கடி. உறுமினால் ஒருபோதும் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமுவதைத்தான் நிறுத்தும். சங்கடம் அப்படியே உள்ளே இருக்கும். பிறகு முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும்.

இன்னொரு சின்னச் சோதனை உண்டு. குழந்தை மணியின் மார்பில் மூன்று விநாடி தடவட்டும், பிறகு கையை எடுத்துவிடட்டும். அவன் மேலும் ஒட்டி வந்தால், மூக்கால் கையைத் தட்டிக் கேட்டால், விருப்பம். அசையாமல் நின்றாலோ விலகினாலோ, இல்லை என்று பொருள். பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். கேட்டுத் தொடுவது அவர்களுக்கும் நல்ல பாடம்.

இனித் தாவல். நாய் தாவுவது நம் முகத்துக்காகவும் கைக்காகவும்தான். "டேய், இறங்கு" என்று தள்ளுவதும் அவனுக்கு விளையாட்டே. மணியின் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, வீட்டில் ஒருவரை விருந்தாளியாக வரச் சொல்லுங்கள். அவர் மெதுவாக நெருங்கட்டும். முன்னங்கால் தரையைவிட்டு எழுந்த நொடியில் அவர் பேசாமல் திரும்பி இரண்டடி பின்னால் போகவேண்டும். நான்கு காலும் தரையில் பட்டதும் மறுபடி வரவேண்டும். அப்படியே நின்றால், வேகவைத்த கோழியில் பட்டாணி அளவு ஒரு துண்டு. அதை அவன் மார்பு உயரத்துக்குக் கீழே, தரையை ஒட்டிக் கொடுங்கள். மேலே இருந்து நீட்டினால் நீங்களே தாவச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை போதும்.

முதல் சில நாட்கள் தாவல் கூடும். இதுவரை பலித்த வித்தை பலிக்கவில்லையே என்று இன்னும் பலமாக முயல்வான். பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய தடை, "பரவாயில்லை விடு, பாசத்துல பண்றான்" என்று சொல்லும் தாத்தாவோ சித்தப்பாவோ. பத்து பேர் திரும்பிக்கொண்டு ஒருவர் அணைத்துக்கொண்டால், மணி அந்த ஒருவருக்காகத் தாவிக்கொண்டேதான் இருப்பான்.

கோழித்துண்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை உணர்த்தும் மரபணுவில் குறை இருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எவ்வளவு போட்டாலும் பசிக்கிறது என்றே நிற்கும். பயிற்சியில் கொடுத்ததை ராத்திரிச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள்.

இழுப்பதற்குக் கழுத்தை நெரிக்கும் சங்கிலி வேண்டாம். மார்புப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றிக் கட்டும் பட்டை, வாங்குங்கள். இழுத்தால் நின்றுவிடுங்கள், கயிறு தளர்ந்தால் நடங்கள், உங்கள் முழங்கால் பக்கம் வந்தால் ஒரு துண்டு. காலையில் வெயில் ஏறும் முன்பே போய்வாருங்கள். புறங்கையை ஏழு விநாடி தார்ச்சாலையில் வைக்க முடியாவிட்டால் மணியின் பாதமும் தாங்காது.

தெருநாய்க் குரைப்பு தூரத்தைப் பொறுத்தது. மணி அந்த நாயைப் பார்க்கிறான், ஆனாலும் நீங்கள் நீட்டும் கோழியைத் தின்கிறான் என்றால் அந்தத் தூரம் சரி. கோழியையே கண்டுகொள்ளவில்லை என்றால் மிகவும் நெருங்கிவிட்டீர்கள். சரியான தூரத்தில் நின்று, அந்த நாயைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுங்கள். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் குறைக்கலாம். நம் தெருக்களில் நாய்களே தேடி வரும். அப்போது பயிற்சி என்று அங்கே நிற்காமல் திரும்பி நடந்துவிடுங்கள், அல்லது நிற்கும் காருக்குப் பின்னால் ஒதுங்குங்கள்.

இவை நிலைத்த பிறகு பள்ளிக்கான பாடங்கள். முதலில் "விடு". வகுப்பில் மாத்திரை கீழே விழும், திராட்சையோ சாக்லேட்டோ சிந்தும். இரண்டும் நாய்க்கு நஞ்சு. மூடிய கையில் தீனி வைத்து, மணி மூக்கை விலக்கிக்கொண்டால் மறு கையிலிருந்து பரிசு கொடுப்பதில் தொடங்குங்கள். அடுத்து சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல். முதல் நாள் நாற்காலி சும்மா நிற்கட்டும், மணி முகர்ந்து பார்க்கட்டும். பிறகுதான் அது உருளவேண்டும், அதுவும் அவனைவிட்டு விலகிப் போகும் திசையில். தட்டு விழும் சத்தம், திடீர் அலறல், கைதட்டல் எல்லாவற்றையும் போனில் பதிந்து, மிகக் குறைந்த ஒலியில் தொடங்கிப் பழக்குங்கள். காது, வால், பாதம் ஆகியவற்றை நீங்களே லேசாகப் பிடித்து உடனே ஒரு துண்டு கொடுங்கள். பள்ளியில் யாரையும் இழுக்கவிடப் போவதில்லை. தப்பித் தவறி நடந்துவிட்டால் அவன் திடுக்கிடாமல் இருப்பதற்காக இது.

கட்டளைகளைக் குழந்தைகளை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். "வா", "உட்காரு" போன்ற சின்னத் தமிழ்ச் சொற்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் கைச்சைகையும் பழக்குங்கள். பேச்சு வராத பிள்ளை கையைக் காட்டி ஒரு பெரிய நாயை உட்காரவைக்கும்போது அந்த முகத்தில் வரும் பெருமிதத்தை நீங்களே பார்ப்பீர்கள். 1960-களில் அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தன்னிடம் பேசாத குழந்தைகள் தன் நாய் ஜிங்கிள்ஸ் உடனிருந்தபோது பேசத் தொடங்கியதைக் கவனித்து எழுதினார். இந்தத் துறை வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆசியாவில் விலங்கு நல ஆர்வலர் ஜில் ராபின்சன் 1991-ல் ஹாங்காங்கில் தொடங்கிய டாக்டர் டாக் என்ற தெரபி நாய்த் திட்டத்தைச் சென்னை ப்ளூ கிராஸும் எடுத்து நடத்தியது. மும்பையில் அனிமல் ஏஞ்சல்ஸ் அறக்கட்டளை இதே வேலையைச் செய்கிறது. இப்படி அனுபவமுள்ள ஓர் அமைப்பிடமோ, நாய் நடத்தை தெரிந்த பயிற்சியாளரிடமோ மணியைக் காட்டி மதிப்பீடு வாங்கிய பிறகே பள்ளி. பெற்ற பிள்ளையைப்போல வளர்த்தவர் கண்ணுக்குக் குறை தெரியாது.

நாய் வந்து போவது மட்டும் தெரபி ஆகிவிடாது. அது ஒரு மகிழ்ச்சியான சந்திப்பு, அதற்கும் மதிப்புண்டு. அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ பேச்சுப் பயிற்சியாளரோ ஒரு பிள்ளைக்கு ஒரு குறிக்கோள் வைத்து, அதற்கு நாயைத் துணையாகக் கொள்வதுதான் தெரபி. விரல் மடங்கியே இருக்கும் பிள்ளை மணிக்குப் பிரஷ் போடக் கையை விரிக்கவேண்டியிருக்கும். எத்தனை முறை விரித்தது, எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்துவைக்கலாம். உங்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும், மணியையும் தெரியும். இப்படி இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அரிது. அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேனே தவிர, ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை.

உடல்நலத்தில் தளர்வே கூடாது. வெறிநோய்த் தடுப்பூசியும் எலிக்காய்ச்சல் உள்ளிட்ட கூட்டுத் தடுப்பூசியும் ஆண்டுதோறும் போட்டு, அட்டையைக் கையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, உண்ணிக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்து. பச்சை இறைச்சி கொடுக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். சால்மொனெல்லா கிருமி நாயின் எச்சில் வழியாகப் பிள்ளைகளுக்குப் போகும். போவதற்கு முந்தைய நாள் குளியல், நகம் வெட்டி மழுங்கத் தேய்த்திருக்க வேண்டும். தொட்ட பிள்ளைகள் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். நோய் எதிர்ப்பு குறைந்த பிள்ளை, முடி ஒவ்வாமை உள்ள பிள்ளை, நாயென்றால் நடுங்கும் பிள்ளை யார் யார் என்று முதலிலேயே கேட்டு, பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பயப்படும் பிள்ளையை "ஒண்ணும் பண்ணாது, தொடு" என்று யாரும் இழுத்துவரக் கூடாது.

முதல் தடவை பள்ளி விட்ட பிறகு, பிள்ளைகள் இல்லாத வராந்தாவில் மணியுடன் சும்மா நடந்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை நாய் பிடிக்கும் ஒரே ஒரு பிள்ளை, பத்து நிமிடம். பழகிய பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தெரபி நாய்களைப் பதிவுசெய்யும் அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு நாளுக்கு இரண்டு மணி நேரத்தை உச்சவரம்பாக வைத்திருக்கிறது. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அது மிக அதிகம். அறையில் அவனுக்கென்று ஒரு மூலையில் விரிப்பும் தண்ணீரும் இருக்கட்டும். அங்கே போய்ப் படுத்தால் யாரும் கூப்பிடக் கூடாது. கயிறு எப்போதும் உங்கள் கையிலேயே இருக்கவேண்டும், ஒரு நிமிடம்கூட வேறு ஆசிரியரிடம் கொடுக்காதீர்கள். நாயைப் பிடித்திருக்கும் நேரத்தில் நீங்கள் வகுப்பு நடத்தவும் முடியாது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். முதல்வரிடம் இதையும் முன்பே பேசிவிடுங்கள்: மணி வேண்டாம் என்று காட்டினால், விருந்தினர் வந்திருந்தாலும் நிகழ்ச்சி பாதியில் இருந்தாலும், அவனை வெளியே அழைத்துப்போய்விடுவேன் என்று.