மிதந்த கல்லும் மிஞ்சிய கந்தகமும்

ஐயா, வணக்கம்.

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். 2023இல் தென்கொரியாவில் ‘எல்கே-99’ என்று ஒரு பொருளைச் செய்து, அறை வெப்பநிலையில் வேலை செய்யும் மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும், காந்தத்தின்மேல் மிதக்கும் பொருள்) கிடைத்துவிட்டது என்று செய்தி வந்ததே, நினைவிருக்கும். சில வாரங்கள் கழித்து ‘அது பொய்’ என்று ஒரு வரிச் செய்தி வந்தது. அத்தோடு சரி. ஆனால் அந்த வீடியோ இன்னும் வாட்ஸாப்பில் சுற்றுகிறது. போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: “சார், காந்தத்துக்கு மேல தூக்கி நிக்குதே, கண்ணாலயே பாக்குறோமே. அப்புறம் எப்படி சார் பொய்யாகும்?” எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. மின்தடை சட்டென்று விழுவதாக வரைபடமும் காட்டியிருந்தார்கள். இரண்டு சான்று இருந்தும் எப்படித் தப்பாகப் போனது? அவர்கள் ஏமாற்றினார்களா? அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் என் போன்றவர்கள் எதைப் பார்த்து எடைபோடுவது? வகுப்பில் செய்துகாட்ட ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மாணவி பார்த்தது உண்மை. அந்தக் கருஞ்சாம்பல் வில்லை காந்தத்தின்மேல் எழுந்து நின்றது. தவறு, அதற்குக் கொடுத்த காரணத்தில்தான். அவளிடம் அந்த வீடியோவை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். வில்லையின் ஒரு விளிம்பு மேலே தூக்கியிருக்கும், இன்னொரு விளிம்பு காந்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். முழுக்க மிதக்கவில்லை. அந்தத் தொடும் விளிம்பைப் பிறகு பார்ப்போம். முதலில் செய்முறை. ஏனென்றால், இந்த விவகாரத்தின் விடை முதல் நாளே அந்தக் கட்டுரையின் செய்முறையில் இருந்தது. உலகமே வீடியோவைப் பார்த்தது, செய்முறையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்கள் சிலர்தான்.

2023 ஜூலை 22 அன்று சுக்பே லீ, ஜி-ஹூன் கிம் குழுவினர் ஆர்க்சிவ் தளத்தில் முன்வரைவுகளை (பிற ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே வெளியிடும் கட்டுரைகளை) ஏற்றினார்கள். லீ, கிம் இருவரின் முதலெழுத்துகளும், அந்தப் பொருளை முதலில் கண்டதாகச் சொன்ன 1999ஆம் ஆண்டும் சேர்ந்து எல்கே-99. செய்முறையில் மூன்று படிகள். காரீய ஆக்சைடையும் காரீய சல்பேட்டையும் சம பங்கு கலந்து, 725 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் சூடாக்கினால் லானார்கைட் என்ற காரீயச் சேர்மம் கிடைக்கும். செப்புத் தூளையும் பாஸ்பரஸையும் மூடிய குழாயில் 550 டிகிரியில் 48 மணி நேரம் வைத்தால் செப்பு பாஸ்பைடு. இரண்டையும் அரைத்து, காற்றை உறிஞ்சிய குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, 925 டிகிரியில் 5 முதல் 20 மணி நேரம். அவ்வளவுதான். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், ஓர் உலை போதும். அதனால்தான் உலகம் முழுக்க ஆய்வகங்கள் அதே வாரம் வேலையைத் தொடங்கின. (பள்ளியில் யாரும் தொடக்கூடாது. காரீயத் தூள் நஞ்சு, மூடிய குழாயில் பாஸ்பரஸ் ஆவியாகி அழுத்தம் ஏறினால் குழாய் வெடிக்கும்.)

இனி கரும்பலகைக்கு வாருங்கள். லானார்கைட்டின் ஒரு மூலக்கூற்று அலகில் 2 காரீயம், 1 கந்தகம், 5 ஆக்சிஜன். செப்பு பாஸ்பைடில் 3 செம்பு, 1 பாஸ்பரஸ். நமக்கு வேண்டிய பொருளில் 9 காரீயம், 1 செம்பு, 6 பாஸ்பரஸ், 25 ஆக்சிஜன். 25 ஆக்சிஜனுக்கு 5 லானார்கைட் வேண்டும், 6 பாஸ்பரஸுக்கு 6 செப்பு பாஸ்பைடு வேண்டும். சேர்த்து எண்ணினால் உள்ளே போவது 10 காரீயம், 18 செம்பு, 5 கந்தகம், 6 பாஸ்பரஸ், 25 ஆக்சிஜன். வேண்டிய பொருளைக் கழித்தால் மிச்சம் 1 காரீயம், 17 செம்பு, 5 கந்தகம்.

இந்த மிச்சம் எங்கே போகும்? குழாய் மூடியிருக்கிறது. அணு எடையைப் போட்டுப் பார்த்தால், 100 கிராம் கலவையில் எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் 63 கிராம்தான் வேண்டிய பொருள், மீதி 37 கிராம் மிச்சம். கந்தகம் முழுக்கச் செம்போடு சேர்ந்தால் அதில் 20 கிராம் செப்பு சல்பைடு. எக்ஸ் கதிர்ப் படத்தில் செப்பு சல்பைடு கலந்திருப்பது தெரிவதாக அந்தக் கட்டுரையே சொல்லியிருந்தது, ஆனால் சிறு மாசு என்று கடந்துவிட்டது. பிளஸ் ஒன் மாணவர்கள் செய்யும் சமன்பாட்டுக் கணக்கு இது. இதை உங்கள் வகுப்பில் அப்படியே போட்டுக்காட்டுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உலகச் செய்தி ஒன்றைத் தாங்கள் படிக்கும் பாடத்தாலேயே எடைபோட முடியும் என்று அவர்களுக்குத் தெரிவதைவிட நல்ல பாடம் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது மின்தடை வரைபடம். அதில் 104.8 டிகிரியில் மின்தடை செங்குத்தாக விழுந்தது. அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழக வேதியியலர் பிரசாந்த் ஜெயின் அந்த எண்ணைப் பார்த்ததுமே அடையாளம் கண்டார். செப்பு சல்பைடின் படிக அமைப்பு மாறும் வெப்பநிலை 104 டிகிரி. அந்த இடத்தில் அதன் மின்தடை பெருமளவு மாறும் என்பது பழைய ஆய்வுகளிலேயே இருக்கிறது. பெய்ஜிங்கின் இயற்பியல் கழகத்தில் இதை நேரடியாக அளந்தார்கள். எல்கே-99 இல்லாத வெறும் செப்பு சல்பைடை எடுத்துக் குளிர்வித்தார்கள், 385 கெல்வின் (ஏறத்தாழ 112 டிகிரி செல்சியஸ்) அருகே மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் விழுந்தது. கொரிய வரைபடத்தில் தெரிந்த அதே சரிவு.

இங்கே ஒரு சோதனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மீக்கடத்திச் செய்திக்கும் இது பயன்படும். குளிர்விக்கும்போது எடுத்த கோடும் சூடாக்கும்போது எடுத்த கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா? காந்தப் புலம் இல்லாத இடத்தில் மீக்கடத்தி மாறும்போது இரண்டும் ஒரே பாதையில் வரும். நீர் உறைவது போன்ற மாற்றமாக இருந்தால் போகும் பாதை வேறு, திரும்பும் பாதை வேறு. செப்பு சல்பைடு கலந்த மாதிரியில் பாதைகள் பிரிந்தன. ஒரு திசைக் கோட்டை மட்டும் காட்டும் வரைபடத்தை நம்ப அவசரப்படாதீர்கள்.

‘பூஜ்ய மின்தடை’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். செம்பின் மின்தடை எண் அறை வெப்பநிலையில் 1.7×10⁻⁸ ஓம்-மீட்டர். உயரமான மதிப்பிலிருந்து விழும் கோட்டைச் சாதாரண அளவில் வரைந்தால், வெறும் செம்புகூட பூஜ்யத்தில் படுத்துக்கிடப்பது போலத்தான் தெரியும். மடக்கை அளவில் (ஒவ்வொரு படியும் பத்து மடங்காக ஏறும் அளவில்) வரைந்திருக்கிறார்களா, கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய மதிப்பு என்ன என்று பாருங்கள். அளக்கும் விதமும் முக்கியம். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே ஓர் ஓமில் பத்தில் சில பங்கு காட்டும், அது கம்பியும் தொடுமுனையும் சேர்ந்த தடை. அதனால் நான்கு முனை வைப்பார்கள்: வெளி முனை இரண்டில் மின்னோட்டம், உள் முனை இரண்டில் மின்னழுத்தம். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாதிரியில் விரிசல் இருந்தாலோ உள்ளே செம்பு இழை ஓடினாலோ மின்னோட்டம் உள் முனைகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மின்னழுத்தமானி பூஜ்யம் காட்டும், மாதிரியோ சாதாரணக் கல். பலவும் கலந்த வில்லையில் இது அடிக்கடி நடக்கும். முனைகளை இடம் மாற்றி மறுபடி அளந்தார்களா, மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு அளந்தார்களா என்ற இரண்டும் கட்டுரையில் இருக்க வேண்டும்.

இப்போது அந்தத் தொடும் விளிம்பு. பீக்கிங் பல்கலைக்கழகக் குழு அதே முறையில் செய்த துணுக்குகளில் சில காந்தத்தின்மேல் அதேபோல் எழுந்து நின்றன. அளந்தபோது அவற்றில் இரும்பைப் போன்ற காந்தத்தன்மை கொஞ்சம் இருந்தது. தட்டையான துணுக்கில் அந்தத் தன்மை இருந்தால் அது காந்தப் புலக் கோடுகளோடு சேர்ந்து நிற்கப் பார்க்கும். ஒரு விளிம்பு ஊன்றி, மறு விளிம்பு எழும். காந்தத்தின்மேல் குண்டூசி நட்டுக்கொண்டு நிற்பதும் இதனால்தான். டெரிக் வான் கெனெப் என்ற இயற்பியலர் கிராஃபைட் துருவலை வில்லையாக அழுத்தி, இரும்புத் துருவலை ஒட்டி, அதே காட்சியை வீடியோவாகவே எடுத்துக் காட்டினார்.

இதற்கிடையில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஷினேட் கிரிஃபின் வெளியிட்ட கணக்கீட்டைப் பல செய்திகள் ‘அமெரிக்கா உறுதிசெய்தது’ என்று போட்டன. அந்தக் கணக்கீடு சொன்னது வேறு. செம்பு அணு படிகத்தில் இன்ன காரீய இடத்தில் போய் அமர்ந்தால், எலக்ட்ரான் நிலைகள் இப்படி இருக்கும் என்றது. அந்த இடம் செம்பு எளிதாகப் போய் அமரும் இடமும் அல்ல. ‘அமர்ந்தால்’ என்ற சொல் செய்தியில் காணாமல் போயிற்று. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வி.பி.எஸ். அவானா குழு முதல் சில நாட்களிலேயே செய்துபார்த்து, அறை வெப்பநிலையில் மீக்கடத்தல் இல்லை என்று அறிவித்தது. நம் ஊர்ச் செய்திகளில் அது ஏன் முன்பக்கத்துக்கு வரவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கடைசி ஆணி ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் கழகத்தில் அடிக்கப்பட்டது. பாஸ்கல் பூஃபால் குழு கந்தகமே வராத வேறு வழியில் தூய ஒற்றைப் படிகங்களை வளர்த்தது. வந்தவை ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும் படிகங்கள். மின்தடை மில்லியன் ஓம் கணக்கில். அதாவது மாசு நீங்கிய எல்கே-99 மின்சாரத்தைக் கடத்தாத ஒரு மின்காப்புப் பொருள். ஆகஸ்ட் 16க்குள் நேச்சர் இதழ் இவற்றையெல்லாம் தொகுத்து எழுதிவிட்டது. முதல் நாளிலிருந்து 25 நாள்.

ஏமாற்றினார்களா என்று கேட்டிருந்தீர்கள். என் எண்ணத்தில் இல்லை. ஏமாற்ற நினைப்பவர் உலையின் வெப்பநிலையையும் மணி நேரத்தையும் சேர்த்து வெளியிடமாட்டார். அவசரப்பட்டார்கள், தங்கள் மாதிரியில் இருந்த மாசைத் தாங்களே சந்தேகிக்கவில்லை. அது பெரிய தவறுதான். ஆனால் செய்முறையைத் திறந்து வைத்ததால்தான் 25 நாளில் உண்மை வெளிவந்தது. ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் ரங்கா டயஸ் குழு 2020 அக்டோபரில் நேச்சரில் வெளியிட்ட அறை வெப்பநிலை மீக்கடத்திக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2022 செப்டம்பரில். லுட்டீசியம் என்ற தனிமத்தை வைத்து 2023 மார்ச்சில் வெளியிட்டதும் அதே நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. 2018இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து தங்கம், வெள்ளி நுண்துகள்களில் 236 கெல்வினில் மீக்கடத்தல் என்று ஒரு முன்வரைவு வந்தபோது, பிரயன் ஸ்கின்னர் என்ற ஆய்வாளர் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெவ்வேறு காந்தப் புலங்களில் அளந்த இரண்டு கோடுகளில் இரைச்சல் புள்ளிக்குப் புள்ளி ஒரே மாதிரி ஏறி இறங்கியது. இரைச்சல் என்பது ஒவ்வொரு அளவீட்டிலும் தற்செயலாக வருவது, இரண்டு முறை அப்படியே வராது. அவர் கையில் மாதிரி இல்லை, உலை இல்லை. வரைபடம் மட்டும்தான் இருந்தது.

வகுப்பில் செய்துகாட்ட இரண்டு இருக்கிறது. ஒன்று செலவு குறைவு. 12 மில்லிமீட்டர் நியோடிமியம் கனசதுரக் காந்தம் நான்கை, வட முனையும் தென் முனையும் மாறி மாறி மேலே வரும்படி சதுரங்கக் கட்டம் போல அடுக்குங்கள். அதன்மேல், காந்தத்தை விட்டு விலகும் தன்மையுள்ள பைரோலிட்டிக் கிராஃபைட்டின் மெல்லிய துண்டு ஒன்றை வையுங்கள். எங்கும் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மிதக்கும். பக்கத்தில் இன்னொரு காந்தத்தில், ஒரு விளிம்பில் இரும்புத் துருவல் ஒட்டிய காகிதத் துணுக்கை வையுங்கள், அது ஊன்றி எழும். பிறகு இரண்டையும் தனித்தனியே நூலில் கட்டித் தொங்கவிட்டு, காந்தத்தைப் பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுவாருங்கள். கிராஃபைட் விலகும், துணுக்கு ஓடிவந்து ஒட்டும். உங்கள் மாணவியின் கேள்விக்கு விடை அந்த நூலில் இருக்கிறது. கிராஃபைட் முழுக்க மிதந்தும் மீக்கடத்தி அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று நிஜ மீக்கடத்தி. இட்ரியம் பேரியம் செப்பு ஆக்சைடு வில்லை, கல்லூரி ஆய்வகங்களுக்கு விற்கும் கருவித் தொகுப்புகளில் வரும். இது 93 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தி ஆகும், திரவ நைட்ரஜன் 77 கெல்வின். செயற்கைக் கருவூட்டலுக்காக விந்துக் குச்சிகளைச் சேமிக்கும் கால்நடை மருந்தகங்களில் திரவ நைட்ரஜன் இருக்கும், தலைமையாசிரியர் கடிதத்தோடு கேட்டுப்பாருங்கள். வில்லையைத் தெர்மோகோல் கிண்ணத்தில் வைத்து, மேலே நாலைந்து மில்லிமீட்டர் அட்டை, அதன்மேல் சிறிய காந்தம். பிறகு நைட்ரஜனை ஊற்றுங்கள். கொதிப்பு அடங்கியதும் அட்டையை இடுக்கியால் உருவினால் காந்தம் அந்த உயரத்திலேயே நிற்கும். தள்ளினால் திரும்பிவரும். காந்தத்தை இடுக்கியால் தூக்கினால் வில்லையும் கூடவே தொங்கிக்கொண்டு வரும். அந்த வீடியோவில் இல்லாதது இதுதான்.

ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கண்ணாடி அணியுங்கள். நைட்ரஜன் பாத்திரத்தை இறுக மூடவே கூடாது. முடிந்ததும் வில்லையில் பனி படிந்து ஈரமாகும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு நன்றாகத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் அடுத்த ஆண்டு வேலை செய்யாது.

அன்புடன்.