ஸ்டப் நிப்புக்கும் இட்டாலிக் நிப்புக்கும் என்ன வேறுபாடு? தமிழ் எழுத எது ஏற்றது?

சாதாரண மைப்பேனா நிப்பின் முனையில் கடினமான உலோகப் பொட்டு ஒன்று உருண்டையாக இருப்பதால், எந்தத் திசையில் இழுத்தாலும் கோடு ஏறக்குறைய ஒரே தடிமனில் விழுகிறது. அந்தப் பொட்டை உளிமுனை போலத் தட்டையாகத் தீட்டிவிட்டால், மேலிருந்து கீழே இறங்கும் கோடு பட்டையாகவும், இடமிருந்து வலமாகச் செல்லும் கோடு மெல்லியதாகவும் அமையும். மூலைகளைக் கூர்மையாகவே விட்டால் அது இட்டாலிக். உருட்டி வழவழப்பாக்கினால் ஸ்டப். இட்டாலிக்கின் கோடுகள் துல்லியமானவை என்றாலும், கை சற்றே திரும்பினால் மூலை தாளைக் கீறிவிடும். ஆகவே அன்றாட எழுத்துக்கு ஸ்டப்பையே பரிந்துரைப்பேன்.

'ப' எழுதிப் பாருங்கள்: இரண்டு தூண்களும் தடித்து நிற்க, அவற்றை இணைக்கும் அடிக்கோடு மெலிந்து ஓடும். அந்த ஓர் எழுத்துக்காகவே இந்த நிப்பை வாங்கலாம் என்பேன்! ஆனால் 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் அகலமான முனையில் அடைபட்டுவிடும். லாமி நிறுவனம் 1.1, 1.5, 1.9 மி.மீ. அளவுகளில் இத்தகைய நிப்களை விற்கிறது. பொடியாக எழுதுபவர்களுக்கு இவற்றில் 1.1கூட அகலந்தான். அவர்கள் நிப் தீட்டுபவரிடம் 0.6 அல்லது 0.7 மி.மீ. கேட்டுப் பெறுவது நல்லது.

தீட்டுவதற்குப் பொட்டு பெரிதாக உள்ள அகல நிப்பையே கொடுங்கள். தேய்த்த உலோகத்தைத் திரும்பச் சேர்க்க முடியாது. நீங்கள் பேனாவைச் சாய்த்துப் பிடிக்கும் கோணத்தையும், இடக்கைப் பழக்கம் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மையை உறிஞ்சிப் பரப்பும் தாளில் மெல்லிய கோடும் தடித்துவிடும் என்பதால், நல்ல வழவழப்பான தாளில் எழுதுங்கள்.