கையெழுத்தும் தட்டச்சும்: பெற்றோர் கேள்விகள், சிறார் பயிற்சியாளர் பதில்கள்

ஐந்து வயது மகள் டேப்லெட்டைத் தொட்டே எல்லா எழுத்தையும் சொல்லிவிடுகிறாள். பிறகு நோட்டு எதற்கு? (திருச்சி)

ண, ன இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். திரையில் இரண்டுக்கும் ஒரே தொடுதல்தான். தாளில் மூன்று சுழியா இரண்டு சுழியா என்று கை முடிவு செய்தாக வேண்டும்.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைத் தாமாகவே எழுதினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் வரைந்தார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு அவற்றைப் பார்த்தபோது, தாமாக எழுதியவற்றுக்குத்தான் மூளையின் வாசிப்புப் பகுதிகள் விழித்துக்கொண்டன. கோணல்மாணலாக, ஒவ்வொரு முறையும் வேறு விதமாக எழுதுவதால்தான் எழுத்தின் அடிப்படை வடிவம் மனத்தில் பதிகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

எந்தப் புள்ளி எழுத்துப் புத்தகம் (புள்ளிகளின் மேல் வரைந்து எழுத்துப் பழகுவது) வாங்கலாம்? (சேலம்)

எதுவும் வேண்டாம். மேலே சொன்ன ஆய்வில் கோட்டின் மேல் வரைந்ததும் பலன் தரவில்லை. சிலேட்டும் பலப்பமும் போதும்.

பின்லாந்தே கையெழுத்தைக் கைவிட்டுவிட்டதே? (கோவை)

இல்லை. 2016இல் அங்கே கட்டாயப் பாடத்திலிருந்து நீங்கியது கூட்டெழுத்து (எழுத்துகளை ஒன்றோடொன்று சேர்த்து எழுதும் முறை) மட்டும். தனித்தனி எழுத்துகளைக் கையால் எழுத இன்றும் கற்பிக்கிறார்கள்.

மீண்டும் கோவை. ஆங்கில எழுத்தில் அடித்தால் கைபேசியே தமிழாக்கித் தருகிறது. வருங்காலம் அதுதானே?

இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அப்படி அடிக்கும் குழந்தைக்கு ல, ள, ழ எது என்பதைக் கைபேசி தீர்மானிக்கிறது. குழந்தை பட்டியலில் ஒன்றைத் தொடுகிறது, அவ்வளவுதான். தட்டச்சுக்கு நான் எதிரியல்ல. சரளமாக எழுத வந்தபின் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொடுங்கள். அதில் தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே அடிக்க வேண்டும்.

மூன்று வயது. எந்தப் புள்ளிப் புத்தகம்…? (மதுரை)

சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். மூன்று வயதுக்குப் பென்சிலே அவசரம். மாவு பிசையட்டும், மணலில் கிறுக்கட்டும்.

புள்ளி எழுத்துச் செயலி பரவாயில்லையா? (ஈரோடு)

புள்ளி, தாளில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் புள்ளிதான். வேண்டாம்.

எட்டு வயது மகன். நான்கு வரி எழுதினாலே கை வலித்து அழுகிறான். (வேலூர்)

திட்டாதீர்கள், இம்போசிஷன் கொடுக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடமும், எழுதுவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமும் காட்டுங்கள். எழுதுவதில் குறைபாடு உள்ள பிள்ளைக்கு விசைப்பலகை பெரிய துணை. அதைப் பிடுங்கக் கூடாது.

மகனுக்கு இடது கைப் பழக்கம். மாற்றலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. நோட்டின் மேல்பகுதியை வலப்பக்கம் சாய்த்து வையுங்கள். பென்சிலை முனையிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தால் எழுதுவது அவன் கண்ணுக்கே தெரியும்.