வயிற்று மீசோதெலியோமா: 'ஒரு வருடம்தான்' என்ற கணக்கு உங்கள் அப்பாவுடையதா?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறோம். அப்பாவுக்கு 59 வயது. இளவயதில் தாருகானாவில் கப்பல் உடைக்கும் வேலை பார்த்தவர். வயிற்றில் நீர் கோத்தபோது காசநோய் என்று சொல்லி நான்கு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது பயாப்சியில் பெரிட்டோனியல் மீசோதெலியோமா என்று வந்திருக்கிறது. இணையத்தில் பார்த்தால் ஒரு வருடம்தான் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அந்தக் கணக்கு பொய்யில்லை. கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் ஏறத்தாழ ஓராண்டைத்தான் தாண்டினார்கள். ஆனால் உங்கள் அப்பா அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

இந்தப் புற்றுநோய் குடலையும் கல்லீரலையும் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய உறையில் தோன்றி, பெரும்பாலும் வயிற்றுக்குள்ளேயே படர்கிறது. தொலைதூர உறுப்புகளுக்குப் பரவுவது குறைவு. அதனால்தான் அறுவை சிகிச்சைக்கு இடமிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கட்டிகளையெல்லாம் பல மணி நேரம் பொறுமையாக நீக்கிவிட்டு, சிஸ்பிளாட்டின் போன்ற மருந்தை 42 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, வயிற்றுக்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுற்றவிடுவார்கள். இதற்கு ஹைபெக் என்று பெயர். இப்படிச் சிகிச்சை பெற்ற 405 பேரின் விவரம் 2009இல் வெளியானது. அவர்களில் பாதிப் பேர் 53 மாதங்களைக் கடந்தார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 47 சதவீதம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: இவர்கள் அறுவையைத் தாங்குவார்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அப்படியிருந்தும் 2 சதவீதம் பேர் அறுவையை ஒட்டி இறந்தார்கள், மூன்றில் ஒருவருக்குக் கடுமையான சிக்கல்கள் வந்தன.

அப்பாவுக்கு இது பொருந்துமா என்பதை முதலில் தீர்மானிப்பது செல் வகை. எபிதீலியாய்டு என்றால் நம்பிக்கைக்கு நல்ல காரணம் உண்டு. சார்கோமட்டாய்டு அல்லது கலப்பு வகை என்றால் பெரிய அறுவையின் பலன் மிகக் குறைவு. நான் அவசரப்படச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒருமுறை நோய் தவறாகக் கணிக்கப்பட்டிருப்பதால், பயாப்சியின் ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வேறொரு நோயியல் நிபுணரிடம் கட்டாயம் காட்டுங்கள். கால்ரெட்டினின் (மீசோதெலியோமாதானா என்று உறுதிசெய்ய உதவுவது), கேஐ-67 (செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டுவது) சோதனைகள் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள்.

அடுத்தது பரவலின் அளவு. வயிற்றை 13 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் கொடுப்பார்கள், உச்சம் 39. எண் குறையக் குறைய முழுதாக நீக்கும் வாய்ப்பு கூடும். ஸ்கேன் இதைக் குறைத்துக் காட்டிவிடலாம், சிறு துளை வழியே கேமரா விட்டுப் பார்க்கும் லாப்ரோஸ்கோபியில்தான் தெளிவாகும். சிறுகுடல் முழுக்கப் படர்ந்திருந்தால் அறுவை பயன்தராது.

ஆகவே கீமோவை மாதக்கணக்கில் ஓட்டிவிட்டுப் பிறகு அறுவை மருத்துவரைத் தேட வேண்டாம். இப்போதே, பெரிட்டோனிய அறுவையில் அனுபவமுள்ள குழுவிடம் காட்டுங்கள். உங்களுக்குப் பரேலில் டாடா மெமோரியல் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள மருத்துவ சமூகப் பணியாளரிடம் எந்த அரசுத் திட்டம் எவ்வளவு ஏற்கும் என்று முதல் நாளே கேளுங்கள்.

அறுவை இயலாது என்று முடிவானால் பெமெட்ரெக்செட்டும் சிஸ்பிளாட்டினும் வழக்கமான மருந்துகள். அவற்றுக்கு ஒரு வாரம் முன்பே பி12 ஊசியும் தினசரி ஃபோலிக் அமில மாத்திரையும் தொடங்கியாக வேண்டும். எந்த வழியானாலும், வலி நிவாரணக் குழுவை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். அது கடைசிக் கட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. வயிறு உப்பியிருக்கும்போது சாப்பாடு இறங்காது; நீரை வடித்துவிட்டு முட்டை, பருப்பு, தயிர் என்று சிறிது சிறிதாகக் கொடுங்கள். எடை குறைந்தால் அறுவை வாய்ப்பும் கைநழுவலாம்.

இந்த நோய்க்கு ஒரு முக்கியக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் இழை; பழைய கப்பல்களில் அது நிறைய உண்டு. அதன் பாதிப்பு பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளிப்படும். மருத்துவரிடம் அப்பாவின் வேலை வரலாற்றைச் சொல்லிக் கோப்பில் எழுதவையுங்கள். பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எதுவானாலும் எடுத்து வைத்துக்கொண்டு, தொழில்நோய் இழப்பீடு கோர முடியுமா என்று தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள்.