தஞ்சாவூர்ப் பக்கம் இருந்துகொண்டு வீகனாக மாற முடியுமா? நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

கேட்டவர் கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "கறி, மீனை விட்டுவிடலாம் போலத்தான் இருக்கிறது. தயிர்சாதத்தை நினைத்தால்தான் பயம்." அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயந்திருக்கிறார்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். இப்போது கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். 2020-லிருந்து பால், தயிர், நெய், முட்டை, மீன், கறி எதுவும் சாப்பிடுவதில்லை. நீடாமங்கலம் என்றால் பால் திரட்டு, கும்பகோணம் என்றால் டிகிரி காபி, திருவையாறு என்றால் நெய் வழியும் அசோகா அல்வா. இந்த மூன்றுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு பாலை விட்டுவிட்டேன் என்றால் சொந்தக்காரர்கள் எனக்கு உடம்பில் என்னவோ கோளாறு என்றுதான் நினைத்தார்கள். ஒரு சித்தப்பா தனியாகக் கூப்பிட்டு, "டாக்டர் என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டார்.

வீகன் என்ற சொல் 1944-ல் இங்கிலாந்தில் பிறந்தது. மரக்கறி சாப்பிடுகிறவர்களிலேயே பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்றவர்கள், டொனால்ட் வாட்சன் என்பவரோடு சேர்ந்து தனியாகப் பிரிந்தபோது வைத்துக்கொண்ட பெயர். நம் ஊர்ச் சைவத்துக்கும் இதற்கும் தூரம் அதிகம். நம் சைவம் பால் இல்லாமல் ஒரு வேளைகூட நிற்காது.

நான் முடிவு செய்தது எந்த வீடியோவையும் பார்த்து இல்லை. எங்கள் வீட்டுக் கொட்டகையில்தான்.

தாத்தா காலத்தில் எங்களிடம் உம்பளச்சேரி மாடுகள் இருந்தன. தலைஞாயிறு பக்கத்து உம்பளச்சேரி ஊரின் பெயரில் வழங்கும் இனம். (அந்தக் கன்றுகள் செவலையாகப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். சின்ன வயதில் யாரோ ராத்திரியில் கன்றை மாற்றிவிட்டார்கள் என்று நான் அழுதிருக்கிறேன்.) பால் என்று பார்த்தால் நாளைக்கு இரண்டு லிட்டர் கறந்தால் பெரிது. ஆனால் முழங்கால் சேற்றில் தொழி உழவுக்கு அந்த மாடுகளை மிஞ்ச ஆளில்லை. அதனால் காளைக்கன்று பிறந்தாலும் வீட்டில் சந்தோஷம்தான். அப்புறம் டிராக்டர் வந்தது, உழவு மாடு போனது, அப்பா சீமைக் கலப்பு மாடு இரண்டு பிடித்துவந்தார். ஒவ்வொன்றும் எட்டு லிட்டர். இப்போது கன்று கிடாரியா காளையா என்பதே கேள்வி. கிடாரி என்றால் வளர்ப்போம். காளை என்றால் மூன்று நான்கு மாதத்தில் சந்தைக்கு வண்டி ஏறிவிடும். சந்தையில் யார் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். எங்களுக்கு அது இருந்தது.

பால் வியாபாரத்தின் கணக்கு எளிது. மாடு கன்று போட்டால்தான் கறவை. கறவை வற்றினால் மறுபடி சினை ஊசி, மறுபடி கன்று. பால் குடிக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் எங்கோ ஒரு கன்று பிறந்துகொண்டே இருக்க வேண்டும். அதில் சரிபாதி காளை.

2000-ல் எங்கள் மாடு ஒன்று போட்ட கன்று பத்து நாளில் செத்துப்போனது. கன்று முட்டாவிட்டால் மாடு சுரப்பு விடாது. மூளையிலிருந்து ஆக்சிடோசின் ரத்தத்தில் இறங்கினால்தான் மடியில் இருக்கும் பால் காம்புக்கு வரும். கன்றின் மூச்சும் நாக்கும் பட்டுப் பழகிய மாட்டுக்கு வேறு எதைக் காட்டினாலும் அது இறங்காது. மடி கல்லாக இருக்கும், பாலை எக்கிக்கொண்டு நிற்கும். அப்பா செத்த கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, வைக்கோல் திணித்து, நான்கு மூங்கில் குச்சிகளைக் காலாக வைத்துத் தைத்துக் கொண்டுவந்தார். வைக்கோல் கன்று. பார்த்தவர்கள் இருப்பீர்கள். கறக்கும் நேரத்தில் அதை மாட்டின் முன்னால் வைப்பார்கள். மாடு அதை நக்கும். கழுத்துக்குக் கீழே, காதுக்குப் பின்னால், உயிருள்ள கன்றை நக்குவது போலவே. நக்க நக்க அம்மாவின் குவளையில் பால் இறங்கும். அந்தப் பால் சொசைட்டிக்குப் போகும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வரும் பால் பணத்தில்தான் நான் பி.காம். இரண்டாம் வருடம் ஃபீஸ் கட்டினேன்.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் எங்கள் பக்கத்தையும் விடவில்லை. கொட்டகை சாய்ந்தது. அதற்குச் சில வருடங்கள் முன்பே மாடுகளை விற்றிருந்தோம். கூரையைப் பிரித்துப் போடும்போது பரணிலிருந்து அந்த வைக்கோல் கன்று விழுந்தது. எலி பாதி தின்றிருந்தது. ஒரு காது மட்டும் முழுதாக இருந்தது. அந்தக் காதுக்குப் பின்னால் மட்டும் முடியே இல்லை, வழுவழுவென்று தேய்ந்திருந்தது. எத்தனை மாதம் நக்கியிருந்தால் அப்படித் தேயும்? அம்மா பக்கத்தில் வந்து பார்த்து, "இது அந்த நெத்திச்சுட்டி போட்ட கன்னு" என்றாள். பதினெட்டு வருடம் கழித்தும் அவளுக்கு எந்த மாட்டின் கன்று என்று தெரிந்தது.

அன்றைக்கே விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொய். அன்று சாயங்காலம் இரண்டு காபி குடித்தேன். கறியை விட்டது 2019 பொங்கலுக்குப் பிறகு. மீனை விட இன்னும் ஆறு மாதம் ஆனது. ஆற்றில் தண்ணீர் வந்து விரால் வரும் நாட்களில் என்னைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. பால் 2020 ஊரடங்கில்தான் போனது. காபிக்கடை மூடியிருந்ததும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் சத்தம் போடவில்லை. "நான் பால் வித்துப் படிக்கவச்ச புள்ள, இப்ப பால் பாவம்ங்கிறியா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அந்த மாட்ட ஏமாத்துறோம்னு எனக்கும் தெரியும்டா. ஃபீஸ் கட்ட வேற வழியும் இல்ல" என்றாள். இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் வீட்டைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். குறுவைக்குத் தண்ணீர் வராத வருடங்களில் எங்கள் பக்கம் அடுப்பு எரிந்ததே அந்த மடியால்தான். எனக்கு இப்போது மாதச் சம்பளம் வருகிறது, அதனால் விட முடிகிறது. அவ்வளவுதான்.

சரி, தயிர்சாதத்துக்கு வருவோம். நிலக்கடலை ஒரு டம்ளர் ராத்திரி ஊறவைத்து, தோல் நீக்கி, நான்கு டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். பத்து நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, வெதுவெதுப்பாக ஆறியதும் ஐந்தாறு பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வைத்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் உறையும். முதல் முறை தண்ணீராகத்தான் இருக்கும், மனம் உடையாதீர்கள். அதையே உறையாக வைத்து அடுத்த முறை ஊற்றினால் கெட்டிப்படும். கடலை வாசனை போகாது. கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, மாவடு தொட்டுக்கொண்டால் பத்தில் ஏழு மார்க் போடுவேன்.

காபிக்கு மாற்று கிடையாது. தேங்காய்ப்பாலில் எண்ணெய் மிதக்கிறது, சோயா சுடு டிகாக்‌ஷன் பட்டதும் திரிகிறது. நான் சுக்குமல்லிக்கு மாறிவிட்டேன். கடையில் எதிர் மேசைக்காரர் டபராவில் நுரை பொங்க ஆற்றும்போது இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மற்றபடி நம் சமையலில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வீகன்தான். இட்லிக்குக் கும்பகோணம் கடப்பா, வத்தக்குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு, கத்தரிக்காய் கொத்சு, எள்ளுப்பொடி, துவையல் வகைகள் எல்லாம் அப்படியே சாப்பிடலாம். ஓட்டலில் தோசைக்கு "நெய் வேண்டாம், நல்லெண்ணெய்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரவா தோசையில் மோர், பரோட்டா மாவில் பால் இருக்கலாம், கேளுங்கள். நான் நான்கு மாதம் வெற்றிகரமாகப் பழைய சோறும் மோர் மிளகாயும் சாப்பிட்டேன். ஐந்தாம் மாதம் ஒருநாள் கடிக்கும்போதுதான் அந்தப் பெயரை யோசித்தேன். மோர்!

பொட்டலத்தில் இருக்கும் பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள். அதற்குச் சைவம் என்று மட்டும்தான் பொருள், பால்பவுடர் உள்ளே இருக்கலாம். 2022-ல் வந்த விதிகளின்படி வீகனுக்கென்று தனி முத்திரை உண்டு, பச்சைச் சதுரத்துக்குள் இலையோடு வி எழுத்து. எங்கள் ஊர் மளிகைக்கடையில் அதைத் தேடினால் கிடைப்பது அபூர்வம், பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படிப்பதுதான் வழி.

இதை மட்டும் தயவுசெய்து விளையாட்டாக எடுக்காதீர்கள்: வைட்டமின் பி12. அது செடிகொடியில் இல்லை. நாளைக்குத் தேவை இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம்தான், ஆனால் அது வந்தே ஆக வேண்டும். பழைய சோற்றில் பி12 இருக்கிறது என்று யாரோ அனுப்பியதை நம்பி நான் மாத்திரை போடவில்லை. இரண்டாம் வருடம் உள்ளங்கால் மரத்துப்போக ஆரம்பித்தது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் பெரிய கடைத்தெருவில் நாலு எட்டு நடந்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 160 பிகோகிராம் காட்டியது. 200-க்குக் கீழே போனாலே குறைவு. ஊசி போட்டுச் சரியாக மூன்று மாதம் ஆனது. மாறுவதற்கு முன்பே ஒரு பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைத் தொடங்குங்கள். கேப்சூல் என்றால் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின், அது மாட்டெலும்பிலும் தோலிலும் எடுப்பது. மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள். சுண்ணாம்புச்சத்துக்கு அவ்வளவு கவலை வேண்டாம். 100 கிராம் பாலில் 120 மில்லிகிராம் என்றால் 100 கிராம் கேழ்வரகில் 340 போல இருக்கிறது, எள்ளில் அதைவிடப் பல மடங்கு.

பட்டு வேட்டி கட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். பட்டு நெசவுக்குப் பேர்போன திருபுவனத்து மாப்பிள்ளை நான். சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

திருவாரூர்க் கோயிலுக்கு வெளியே மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லும் கல்தேர் இருக்கிறது, தேர்ச்சக்கரத்தில் சிக்கிக் கன்று செத்த கதை. ஏழெட்டு வயதில் அதைப் பார்த்துவிட்டு, "அதுக்கப்புறம் அந்த மாட்டுல யாரும்மா பால் கறந்தா?" என்று நான் கேட்டேனாம். அம்மா இப்போது அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வெல்லம், பச்சரிசி, நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் வறுத்த முந்திரி என்று எல்லாவற்றையும் எனக்காகவே எடுத்துவைத்திருந்தாள். பானை வைத்ததும் ஒரு கரண்டியோடு வந்து நின்றாள். "ஒரு கரண்டி பால் விடாம பொங்க வைக்கிறது வழக்கமில்லடா. நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்க."

நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.